மாநிறத்துக்கு ஒரு விளக்கு

கும்பகோணத்தில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் 1993ஆம் ஆண்டு நான் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம், முகத்தில் நிழல் விழக்கூடாது என்பதுதான். நாற்காலிக்கு இரு புறமும் ஆளுயரத்தில் இரண்டு ஹாலோஜன் விளக்குகள் ஒரே தொலைவில், ஒரே பிரகாசத்தில் எரியும். அமர்ந்தவரின் மூக்கும் கன்னமும் நெற்றியும் ஒரே தளமாகத் தட்டையாகிவிடும். மீதமிருக்கும் கோடுகளை முதலாளி நெகட்டிவின் மேல் கூர்மையாகச் சீவிய பென்சிலால் தீற்றி மறைப்பார். நெகட்டிவில் தீற்றிய இடம் அச்சில் வெளுத்துவிடும் என்பதால் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கம் காணாமல் போகும். அவருடைய கைத்திறனை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் அந்த விளக்குகளின் முன் அமர்ந்த மாநிறத்தவரும் கறுத்தவரும் படத்தில் ஒன்று வெளிறிப்போனார்கள், அல்லது இருட்டில் அமிழ்ந்துபோனார்கள்.

இதற்கு மாற்று உண்டு என்பதை வாசல் பெஞ்சில்தான் கண்டேன். ஒரு பிற்பகலில் பேரனின் படத்துக்காகக் காத்திருந்த பாட்டி ஒருவர், கூரைச் சாய்ப்பின் நிழலில் திறந்திருந்த கதவுக்குப் பக்கவாட்டில் அமர்ந்திருந்தார். கதவின் வழியே வந்த வெளிச்சம் அவருடைய கன்ன எலும்பின் மேல் ஒரு நீண்ட மென்மையான பளபளப்பாக விழுந்து, மூக்கின் மறுபுறம் மெல்ல மங்கி, தாடையோரம் நிழலாக முடிந்திருந்தது. அத்தனை சுருக்கங்களும் தெரிந்தன, ஒன்றுகூட உறுத்தவில்லை. வெளிச்சம் எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து, எவ்வளவு அருகிலிருந்து வருகிறதோ அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாகும். ஏழடி உயரக் கதவு மூன்றடித் தொலைவில் இருந்தால் அது முகத்தைத் தழுவிக்கொள்ளும். அதே கதவிலிருந்து இருபதடி உள்ளே தள்ளி அமர்ந்தால் அது சிறிய விளக்காகச் சுருங்கிவிடும்.

கறுத்த தோலுக்கு இது இரு மடங்கு பொருந்தும். வெளுத்த தோல் தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைச் சிதறவிட்டுத் திருப்பி அனுப்புவதால் எந்த விளக்கிலும் ஒருவாறு தெரிந்துவிடும். கறுத்த தோல் அவ்வளவு சிதறவிடுவதில்லை. அதன் வடிவத்தை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் மேற்பரப்பில் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் பளபளப்புதான். விளக்கு சிறிதாக இருந்தால் அந்தப் பளபளப்பு நெற்றியில் எண்ணெய்த் திட்டாகக் குவியும். உடனே பவுடர் போடச் சொல்வார்கள். பவுடர் போட்ட கறுத்த முகம் ஃபிளாஷில் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். விளக்கைப் பெரிதாக்கிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் அதே பளபளப்பு கன்னத்தின் வளைவையும் கழுத்தின் நீட்சியையும் வரைந்து காட்டும். ஆகவே அதைத் துடைத்தெறியக் கூடாது, இடம் பார்த்து விழச்செய்ய வேண்டும்.

ஒளியை அளக்கும் கருவியும் ஏமாற்றும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் தனக்குத் திரும்பிவரும் ஒளியை மட்டுமே அறியும். பார்ப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே அது கொள்ளும். கறுத்தவர் ஒருவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்து நின்றால், அது வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைக்க, முகம் மங்கிவிடும். முகத்தை மட்டும் அளந்தாலோ ஒளியைக் கூட்டி வெளுக்கச்செய்யும். வெள்ளைக் குமிழ் வைத்த கைமீட்டரைக் கன்னத்தருகே பிடித்து, அவர்மேல் படும் ஒளியை அளந்த பிறகுதான் எனக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது. படும் ஒளி எல்லோருக்கும் ஒன்றே. திரும்புவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். வண்ணப்பட அச்சுக்கூடங்களுக்கு கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகப் பல ஆண்டுகள் அனுப்பிவந்த மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரே இருந்தார் என்று பிற்பாடு அறிந்தபோது, எங்கள் ஊர் முகங்கள் அச்சில் பட்ட பாட்டுக்கு விளக்குகள் மட்டும் காரணமல்ல என்பது புரிந்து மனம் கனத்தது.

தொலைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஏறத்தாழ ஐந்து அங்குல இடைவெளி உண்டு. இரண்டடி தள்ளி நின்று எடுத்தால் அந்த ஐந்து அங்குலம் பெரிய வித்தியாசமாகி மூக்கு பருத்து, காதுகள் பின்வாங்கும். ஆறடி தள்ளி நின்றால் அது ஒரு பொருட்டே அல்ல. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் 85 அல்லது 105 மி.மீ. லென்ஸை முகப்படத்துக்கு ஏற்றதாகச் சொல்வதன் காரணம், முகம் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் அது நம்மைத் தள்ளி நிற்கவைக்கிறது என்பதே. மூக்குக் கண்ணாடி அணிந்தவரைக் கழற்றச் சொல்வதை நான் விரும்புவதில்லை. கம்பியைக் காதுக்கு மேல் சற்றே உயர்த்தி, விளக்கையும் உயர்த்தினால் வில்லையில் பளிச்சிடும் வெள்ளை விலகிவிடும்.

2011இல் ஒரு தாய் தன் மகளை ஜாதகத்தோடு அனுப்பும் படத்துக்காக அழைத்துவந்தார். “கொஞ்சம் கலராத் தெரியற மாதிரி எடுத்துக் குடுங்க தம்பி” என்றார். மகள் கைப்பையிலிருந்து வேறொரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தை எடுத்து நீட்டினாள். கணினியில் முகத்தை மட்டும் வெளுக்கவைத்திருந்தார்கள். கழுத்தும் கைகளும் அவளுடைய நிறத்திலேயே இருந்தன. “இது நான் இல்லண்ணே” என்று மெதுவாகச் சொன்னாள்.

மரச்சட்டத்தில் வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் பின்னால் ஃபிளாஷை வைத்து, அவளுடைய இடப்புறம் மூன்றடியில் சற்றே முன்னால் நிறுத்தினேன். வலப்புறம், அந்த வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும் தெர்மோகோல் அட்டையை நிழல் முழுவதும் கரைந்துவிடாத தொலைவில் வைத்தேன். எண்ணெய் தடவிய கூந்தல் பின்னணியோடு ஒட்டிப்போகாமல் இருக்கச் சுவரில் ஒரு சிறிய விளக்கை விழவிட்டேன். தோளைச் சற்றுத் திருப்பி, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் கொண்டுவந்து, தாடையை ஓர் அங்குலம் முன்னே நீட்டித் தாழ்த்தச் சொன்னேன். சொல்லும்போது விசித்திரமாகத் தோன்றினாலும் கழுத்து தெளிவாகத் தெரிய இதைவிட நல்ல வழி இல்லை. இரு கண்மணிகளிலும் வேட்டியின் பிம்பம் வெள்ளைக் கட்டமாக மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். நிறத்தில் கை வைக்காமல் அச்சிட்டேன்.

மறுநாள் அந்தத் தாய் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “கன்னமும் தாடையும் அப்படியே எங்க மாமியார் சாடை. இத்தன நாளா நான் கவனிக்கவே இல்ல பாருங்க” என்றவர், மாமியாரிடம் காட்டுவதற்கு இன்னொரு பிரதி வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போனார்.