கட்டுரைத் தாளில் மையக் கூற்று: எதை விடுவது என்று சொல்லும் வாக்கியம்

மத்தியத் தேர்வாணையம் (UPSC) நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளைத் தமிழில் எழுத முனையும் நெல்லைச் சீமை மாணவர்களிடம் செய்திகளுக்குக் குறைவே இருப்பதில்லை. தண்ணீர் என்று தலைப்பு வந்தால் பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியும் அதன் எட்டு அணைக்கட்டுகளும் வந்துவிடும். தொன்மை என்றால் ஆதிச்சநல்லூர். விடுதலை என்றால் 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் 1908 மார்ச் 13-இல் நடந்த நெல்லை எழுச்சியும். இவ்வளவும் கையில் இருந்தும் பல கட்டுரைகள் தகவல் தொகுப்பாகவே முடிந்துபோகின்றன. படித்து முடித்த பிறகு, எழுதியவர் என்னதான் சொல்ல வந்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முயன்றால் முடிவதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மையக் கூற்று என்கிறேன். இந்தத் தாளை எழுதியவன் என்ற முறையிலும், பாளையங்கோட்டையில் இளையவர்களின் கட்டுரைகளைத் தொடர்ந்து திருத்திக் கொடுத்து வருபவன் என்ற முறையிலும் அதைப் பற்றி எனக்குப் புலப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தாளின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. மூன்று மணி நேரம், 250 மதிப்பெண்; இரண்டு பகுதிகளிலிருந்து ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்களுக்குள் அமையும் இரண்டு கட்டுரைகள். தலைப்பை விட்டு விலகாமலும் கருத்துகளை ஒழுங்குபடுத்தியும் சுருக்கமாகவும் எழுத வேண்டும் என்றும், செறிவான துல்லியமான வெளிப்பாட்டுக்கு மதிப்பு அளிக்கப்படும் என்றும் பாடத்திட்டமே கூறுகிறது. எவ்வளவு தெரியும் என்பதை அளப்பதாக அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் வாசிப்புக் குழுவுக்கு வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் வந்துபோவார். ஒரு தம்பி, ‘காடுகள் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை’ என்பதைத் தன் மையக் கூற்றாக வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: “சரிதாம்டே, இதை இல்லைன்னு சொல்லுதவன் எவன் இருக்கான்?” மையக் கூற்றைச் சோதிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழியை நான் கண்டதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் நியாயமாக மறுக்கக்கூடிய வாக்கியமே கூற்று. யாராலும் மறுக்க முடியாதது பொதுச் செய்தி. 2023-ஆம் ஆண்டுத் தாளில், சிந்தனை ஒரு விளையாட்டைப் போன்றது, எதிரணி இல்லாமல் அது தொடங்குவதில்லை என்ற பொருளில் ஒரு தலைப்பே கேட்கப்பட்டது. அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கும் அது பொருந்தும்.

2024-இல் வந்த ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். நாகரிகங்களுக்கு முன்னால் காடுகள் வருகின்றன, அவற்றுக்குப் பின்னால் பாலைவனங்கள் வருகின்றன என்பது அதன் கருத்து. ‘இக்கூற்று முற்றிலும் உண்மை’ என்று தொடங்குவதே நம்மில் பலரின் முதல் உந்துதல். அப்படித் தொடங்கினால் மீதி ஆயிரம் சொற்களும் தலைப்பையே திரும்பச் சொல்லும் வேலையாகிவிடும். அதற்குப் பதிலாகத் தலைப்பிடமே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: எல்லா நாகரிகத்துக்குப் பின்னாலும் பாலை வந்ததா? வரவில்லை என்றால், எங்கே வந்தது, எங்கே வரவில்லை, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது என் தாளில் நிற்கக்கூடிய வாக்கியம் இது: ‘நாகரிகம் வளர்வதாலேயே காடு பாலையாகிவிடுவதில்லை என்றாலும், காட்டின் பலனை ஒரு சாரார் அடைந்து அதன் விலையை வேறொரு சாரார் கொடுக்கும் ஏற்பாடு நிலைத்துவிட்ட இடங்களில் பாலை வருவதைத் தடுக்க முடிவதில்லை.’ இதை மறுக்க ஆள் உண்டு. மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்பார் ஒருவர். தட்பவெப்ப மாற்றமே காரணம் என்பார் மற்றொருவர். அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை கட்டுரைக்கு வந்துவிடுகிறது. கட்டுரைக்கு உயிர் வருவதும் அந்தக் கடமையால்தான்.

இனி, கையில் இருந்த செய்திகளை இந்த வாக்கியத்தின் முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆதிச்சநல்லூர் வெளியேறுகிறது. நமக்கு மனம் வராது. ஆனால் அங்கே கிடைத்த முதுமக்கள் தாழிகள் தொன்மையைப் பற்றிப் பேசுகின்றன, காட்டின் பலனும் விலையும் யாருக்குப் போயின என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. களக்காடு முண்டந்துறை உள்ளே வருகிறது, அதுவும் எதிர்ச் சான்றாக: 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் அந்தக் காடு, நவீன அரசே ஒரு காட்டைக் காக்கவும் முடியும் என்பதைக் காட்டுகிறது. அதே மலையில் உள்ள மாஞ்சோலையும் வருகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தலைமுறைகளாக உழைத்த தொழிலாளர்கள் குத்தகை முடிவதற்கு முன்னரே, 2024-இல், மலையை விட்டு இறங்க வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். தோட்டத்தின் லாபம் ஒரு கணக்கில் இருந்தது, தோட்டம் மீண்டும் காடாவதற்கான விலை வேறொரு கணக்கில் எழுதப்பட்டது என்று ஒரு பத்தி இங்கே பிறக்கிறது. மையக் கூற்று இல்லாமல் இருந்திருந்தால் மாஞ்சோலை ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்ற அடைமொழியோடு ஒரு வரியில் வந்து போயிருக்கும்.

இந்தத் தலைப்பில் நம் பக்கத்து மாணவர்கள் தவறாமல் கையில் எடுக்கும் சான்று ஒன்று உண்டு: சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரி. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். பாலைக்கு இதைவிட நல்ல உள்ளூர்ப் படம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் தேரி மணல் காடழிப்பால் வந்ததன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றால் குவிக்கப்பட்டது. மனிதன் காட்டை வெட்டியதால் வந்த பாலை என்று அதை எழுதினால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த ஒரு வரியிலேயே கட்டுரை முழுவதையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குவார். கூற்றைக் கூர்மையாக எழுதி வைத்திருப்பவருக்கு ‘இந்த மணலில் பலன் அடைந்தவர் யார், விலை கொடுத்தவர் யார்?’ என்ற கேள்வி இயல்பாக எழும். விடை கிடைக்காதபோதே சான்று பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும்.

தலைப்பு கருத்துநிலையில் இல்லாமல் சமூகப் பிரச்சினையாக இருந்தாலும் முறை இதுவே. வளர்ச்சியில் பெண்களுக்கு இடமில்லை என்றால் அந்த வளர்ச்சியே ஆபத்துக்குள்ளாகும் என்ற பொருளில் 2016-இல் ஒரு தலைப்பு வந்தது. மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ வளர்ந்தவருக்குப் பீடி சுற்றும் வீடுகளைத் தெரியாமல் இருக்காது. இலையும் தூளும் வீட்டுக்கு வருகின்றன, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, சரியில்லை என்று கழிக்கப்பட்டவை போக மீதிக்குத்தான் கணக்கு. இந்த அனுபவத்திலிருந்து வரும் கூற்று, ‘பெண்களுக்கு வேலைவாய்ப்பு தேவை’ என்பதாக இருக்க முடியாது. வேலை ஏற்கெனவே இருக்கிறது. ‘வீட்டுக்குள் வந்து சேரும் கூலி வேலை பெண்ணின் வருமானத்தைக் கூட்டினாலும், அவளைத் தனித்தனியாக உட்கார வைப்பதால் பேரம் பேசும் வலிமையைக் கூட்டுவதில்லை’ என்பது கூற்று. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-இலேயே தனிச் சட்டம் வந்த பிறகும் அந்த வலிமை ஏன் முழுமையாக வரவில்லை என்ற கேள்வி அடுத்த பத்தியைத் தானாகவே திறந்துவிடும். சங்கம் வைத்து இதே பெண்கள் போராடியதில்லையா என்று ஒருவர் மறுப்பார். அந்த மறுப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்கத்தான் வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கென்று இரண்டு செய்திகள். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், ‘என்றாலும்’, ‘கூட்டினாலும்’ என்று எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கும் பகுதியை முன்னால் வைத்து, நம் வாதத்தை இறுதியில் நிறுத்துவது மிக இயல்பாக அமைகிறது. ஆனால் விட்டுக்கொடுப்பது ஒன்றுக்கு மேல் போனால் வாசிப்பவர் வினைமுற்றை அடைவதற்குள் எழுவாயை மறந்துவிடுவார். அடுத்தது, ‘வேண்டும்’ என்று முடியும் கூற்றுகளை நான் எப்போதும் அடித்துவிடுவேன். நீர்நிலைகளைக் காக்க வேண்டும், பெண் கல்வியை ஊக்குவிக்க வேண்டும் என்பவையெல்லாம் அறிவுரைகள். ஏன், எப்படி என்ற வாதம் அவற்றில் இல்லை. இதோடு, பட்டிமன்ற நடுவரைப் போல ‘இரண்டும் தேவையே’ என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு. மேடையில் அது கைதட்டல் வாங்கும், தாளில் அது எழுதியவரின் தயக்கமாகவே தெரியும். இரண்டும் தேவைதான் என்றால், எந்த நிலையில் எது முந்த வேண்டும் என்பதையாவது சொல்லியாக வேண்டும்.

ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் முதல் கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகக் கூற்றுக்கே செலவிடுவதில் தவறில்லை என்பது என் கணிப்பு. செய்திகளைக் கிறுக்கி, அவற்றிலிருந்து கேள்வியை எடுத்து, கேள்விக்கு விடையாக ஒரு வாக்கியத்தை எழுதி, அதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பை அதன் கீழேயே எழுதிவிட வேண்டும். மறுப்பு எதுவும் தோன்றவில்லை என்றால் வாக்கியம் இன்னும் பொதுச் செய்தியாகவே இருக்கிறது என்று பொருள். கூற்றைக் கட்டுரையில் முதல் வரியாகவே வைக்கத் தேவையில்லை. முன்னுரையின் கடைசி வரி அதற்குப் பொருத்தமான இடம்.

எழுதிக்கொண்டு போகும்போது கை வேறு திசையில் இழுப்பதும் உண்டு; மூன்றாம் பத்திக்கு வந்த பிறகு, கூற்று சொன்னதைவிட நுட்பமான ஒன்று தென்படும். தேர்வறையில் திரும்ப எழுத நேரமில்லை. அதனால் முன்னுரையின் அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு வரி அளவுக்கு இடம் விட்டு வைப்பது என் வழக்கம். முடிவுரைக்கு முன் ஒருமுறை திரும்பி வந்து, ‘எப்போதும்’ என்று எழுதியதைப் ‘பெரும்பாலும்’ என்று திருத்தவோ, ஒரு நிபந்தனையைச் சேர்க்கவோ அந்த இடம் போதுமானதாக இருக்கும்.