மேகம் என்று எழுதிய பக்கங்கள்

என் மேசையில் கோடு போடாத நோட்டு ஒன்று இருக்கிறது. மூஞ்சிக்கல்லில் ஒரு கடையில் வாங்கியது. நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம் என்று கணக்கு. ஆனால் சில பக்கங்களில் படம் இருக்காது. மேலே தேதியும் நடுவில் "மேகம்" என்ற ஒரு சொல்லும் மட்டும் இருக்கும். போன ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டபோது தொடர்ந்து நாலு பக்கம் அப்படிப் போனது. புரட்டிப் பார்த்த அக்கா, "ஏன்டி, வானிலை அறிக்கையா எழுதுறே?" என்றாள்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். பதினாறு வருடமாகக் கொடைக்கானலில் இதே வீட்டில் உட்கார்ந்துதான் வரைகிறேன். அதில் முக்கால்வாசி "மூடு வரட்டும்" என்று காத்திருந்தே கழிந்தது. இந்த ஊரில் அதற்குச் சாக்குக்கும் பஞ்சமில்லை. மழை, கரண்ட் கட், சித்திரை வந்தால் சீசன், சீசன் வந்தால் மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள். கடைசியில் கெடு கழுத்துக்கு வந்த பிறகு இரண்டு ராத்திரி கண் விழித்து, இடுப்பு ஒடிய வரைந்து அனுப்புவேன். படம் எப்படியோ தப்பித்துவிடும். நான்தான் அடுத்த ஒரு வாரம் ஒன்றுக்கும் உதவாமல் கிடப்பேன்.

திருந்தப் பார்க்காமல் இல்லை. "21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்களே, அதை நம்பி மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை ஒன்பதாம் நாள் காய்ச்சல். ஒரு நாள் விட்டுப்போயிற்று. அவ்வளவுதான், நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கவனித்த விஷயம். வாய்க்கு வாய் மாறி வந்ததில் "குறைந்தது" உதிர்ந்துபோய் 21 மட்டும் நின்றுவிட்டது. மூக்கு பழகுவதும் பென்சில் பழகுவதும் ஒன்றா?

பழக்கம் படிவதையே நேராக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். ஆய்வு 2010-ல் வெளியானது. 96 பேர், ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம், 12 வாரம். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது மாதிரி. யோசிக்காமலே கை அந்த வேலைக்குப் போகும் நிலை வருவதற்குப் பொதுவாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம், 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் மட்டும் கணித்துச் சொன்னவை. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பரணில் கிடக்கும் நோட்டுகளை என்ன செய்வது!

அந்தச் சமயத்தில் அப்சர்வேட்டரி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களை வரிசையாக அங்கே ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்களுக்குக் கையில் இருந்த முறுக்குப் பொட்டலம்தான் முக்கியம். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் ஊரில், கிட்டத்தட்ட 2,340 மீட்டர் உயரத்தில், சூரியனைப் பார்க்க 1899-ல் ஓர் ஆய்வகம். 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். வானம் விட்டால் எடுப்பார்கள். விடாவிட்டால் அன்றைக்குப் படம் கிடையாது. மறுநாள் மறுபடி பார்ப்பார்கள். அப்படி விட்டு விட்டுச் சேர்ந்ததுதான் இன்றைக்கு நூறு வருடத்துக்கு மேலான சூரியனின் கணக்காக நிற்கிறது. சூரியன் முகத்தில் கருப்பாகத் தெரியும் சூரியப் புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டதும் இந்த மலையில்தான், 1909 ஜனவரியில். ஜனவரி எங்கள் ஊர் வானத்தைத் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் மாதம். ஆனால் வானம் மட்டும் தெளிந்து என்ன பயன்? அன்றைக்குக் கருவியும் தயாராக இருந்து, ஆளும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

சரி என்று புது நோட்டு வாங்கினேன். என்ன ஆனாலும் பத்து நிமிடம் மேசையில் உட்கார வேண்டும். ஒன்றும் வரவில்லையா, தேதி போட்டு "மேகம்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். பத்து நிமிடத்துக்கு முன்னால் மட்டும் எழுதக்கூடாது.

எப்போது உட்காருவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்று, "நிறைய வரையப் போகிறேன்" மாதிரியான சபதங்களை விட "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைப்பதுதான் அதிகம் நிறைவேறுகிறது என்கிறது. நான் டீயோடு முடிச்சுப் போட்டேன். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினால் அடுத்து கையில் பென்சில். ராத்திரி படுக்கும் முன் மறுநாள் பக்கத்தில் ஒரே ஒரு கோடு இழுத்து வைப்பேன். காலையில் வெள்ளைத் தாள் என்னை முறைக்காமல் இருப்பதற்காக. போன் அரிசி டப்பாவுக்குள். சிரிக்காதீர்கள். மேசை டிராயரில் வைத்தால் எடுத்துவிடுகிறேன், அரிசிக்குள் கை விட்டால் வெட்கமாக இருக்கிறது.

நோட்டில் நூறு பக்கம் தாண்டிய சமயம், ஒரு பதிப்பகத்திலிருந்து காட்டு மாட்டுக் கதை வந்தது. காட்டு மாடு எங்களுக்குப் புதுசா என்ன? ராத்திரியில் கேட் ஓரமாக அது மூச்சு விடுவது படுக்கையறை வரைக்கும் கேட்கும். ஏழு தடவை வரைந்து அனுப்பினேன். "நல்லா இருக்கு மேடம், ஆனா பொம்மை மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தது. சொன்னது சரியாகவும் இருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல்.

பழைய நானாக இருந்தால் மேசையை விட்டு அசையாமல் எட்டு, ஒன்பது என்று வரைந்துகொண்டே போயிருப்பேன். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏழு ரோடு பக்கமாக இறங்கினேன். பாதி வழியில் ஒரு சந்துக்குள் அது நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டையும் மேட்டில் ஏற்றி வைத்து, வேலியில் படர்ந்த சௌசௌக் கொடியை இழுத்துக்கொண்டிருந்தது. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை மாட்டிய மாதிரி இருக்குமே, அதில் வலது முன்னங்காலில் மட்டும் முட்டி வரை சேறு. கொடி விறைத்து, விறைத்து, கடைசியில் பந்தல் கம்போடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரம்மா ஜன்னலுக்குள்ளிருந்து தட்டைத் தட்டி "ஏய், போ, போ" என்று கத்தினார். அது காதை மட்டும் ஒரு தடவை ஆட்டியது. என்னையோ அந்தம்மாவையோ அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கேயே புரிந்துவிட்டது. நான் வரைந்த ஏழு மாடும் போட்டோ எடுக்க நின்ற மாதிரி வாசிக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. எட்டாவதில் முகத்தை இலைக்குள் புதைத்துவிட்டேன். முதுகுத் திமில், சேற்றுக்கால், விறைத்த கொடி, ஒரு காது. அவ்வளவுதான். அன்று சாயந்திரமே "இதுதான் மேடம்" என்று பதில் வந்தது.

சந்தில் மாடு நின்றது என் அதிர்ஷ்டம். ஆனால் நடைக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதை விட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகமாக வந்தன. இத்தனைக்கும் சிலரை வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில்தான் நடக்கவிட்டார்கள். ஏரியும் இல்லை, பைன் மரமும் இல்லை. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த ஓட்டம் நீடித்ததாம். ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். அதனால் வருமான வரிக் கணக்கை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கிறேன்.

புது யோசனையை எப்படி அளப்பார்கள் என்று கேட்டால், ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பார்கள். கில்ஃபோர்ட் என்ற உளவியலாளர் காலத்திலிருந்து வரும் சோதனை. அக்கா மகனிடம் செங்கல்லைச் சொல்லிக் கேட்டேன். யோசிக்காமல், "வேன் டயருக்கு முட்டுக் கொடுக்கலாம் சித்தி" என்றான். மலைக்காரப் பிள்ளை வேறு என்ன சொல்வான்! நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த ஊரில் அதுதான் முதல் பதில். பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே நடந்தோம். போய்ச் சேர்வதற்குள் பதினொன்று சொல்லிவிட்டான். எறும்புக்கு மாடி வீடு, பாட்டி எட்டிப் பார்க்க ஸ்டூல், குளிர் நாளில் அடுப்பில் சுட்டுத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னதை அன்று ராத்திரி அம்மாவுக்குச் செய்தே பார்த்தோம். துணி லேசாகக் கருகியது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் சமையலறையில் அரிசி டப்பாவுக்குள் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் நோட்டை எடுத்துவிட்டிருக்கிறான். "மேகம்" என்று எழுதியிருந்த ஐப்பசிப் பக்கங்கள் நாலிலும் பென்சிலால் மேகம் வரைந்து வைத்திருந்தான். மூன்றாவதற்கு நாலு கால் இருந்தது. "மேகத்துக்கு எதுக்குடா கால்?" என்றேன்.

"அது மாடு சித்தி. மேகத்துக்குள்ள நிக்குது."