ஏழு பவுண்டு, 17 ஷில்லிங், 11 பென்ஸ்

ஜூன் 3

டேட்டா அனலிட்டிக்ஸ் வகுப்பில் இன்று டைட்டானிக் கோப்பைத் திறந்தோம். 891 பயணிகள், ஆளுக்கு ஒரு வரி. கட்டணம் இருக்கும் இடத்தில் 7.8958 என்று ஓர் எண். எண்ணிப் பார்த்தால் 38 பேருக்கு அதே எண். 1912-இல் யார் நாலு தசமத்தில் டிக்கெட் விற்றார்கள்? மனசு அதிலேயே நின்றுவிட்டது.

ஜூன் 4

பிடிபட்டுவிட்டது. அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக, 7.8958 என்பது ஏழு பவுண்டு, 17 ஷில்லிங், 11 பென்ஸ். கணினிக்காகப் பிற்பாடு தசமமாக்கியிருக்கிறார்கள். 8.05 என்றால் எட்டு பவுண்டு ஒரு ஷில்லிங். அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஏறிய பலருக்கு 7.75, அதாவது ஏழு பவுண்டு 15 ஷில்லிங்.

1957-இல் நயா பைசா வந்த பிறகும் பாட்டி நாலணா, எட்டணா என்றுதான் சொல்வார். அவர் இருந்திருந்தால் இந்தக் கணக்கை விரல் விட்டே சொல்லியிருப்பார்.

1912-இல் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். எனவே மூன்றாம் வகுப்பு டிக்கெட் சுமார் 120 ரூபாய். இங்கிலாந்தில் பண்ணை வேலை செய்தவருக்கு வாரக்கூலி ஒரு பவுண்டுகூட வராது. இரண்டு மாதக் கூலியைத் தொடாமல் சேர்த்தாலும் டிக்கெட்டுக்குப் போதாது.

ஜூன் 6

அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது? மூன்றாம் வகுப்பில் அடுக்குப் படுக்கை போட்ட சிறு அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஏப்ரல் 14-ஆம் தேதி உணவு அட்டை இன்றும் இருக்கிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, புகையூட்டிய மீன். மதியம் அரிசி சூப், வறுத்த மாட்டிறைச்சி, பிளம் புட்டிங். பாய்மரக் காலத்தில் கட்டுச்சோறு மாதிரி கையோடு உணவு கொண்டுபோன ஏழைகளுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குளியல் தொட்டி இரண்டே இரண்டு.

ஜூன் 9

15 பேருக்குக் கட்டணம் பூஜ்யம். விடுபட்ட தகவலாக எடுத்துக்கொண்டு நடுமதிப்பைப் போட்டு நிரப்பலாம் என்று வகுப்பில் பேச்சு வந்தது. எனக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து பெயர்களைத் தேடினேன். ஒருவர் தாமஸ் ஆண்ட்ரூஸ், கப்பலை வடிவமைத்தவர். அவரிடம் யார் காசு கேட்பார்கள்?

நான்கு பேருக்கு டிக்கெட் எண்ணே கிடையாது, ‘லைன்’ என்று மட்டும் இருக்கிறது. அமெரிக்கன் லைன் கம்பெனியின் கப்பலாட்கள். அந்த வருஷ நிலக்கரி வேலைநிறுத்தத்தால் அவர்களுடைய கப்பல் கிளம்பவில்லை. அதனால் இதில் பயணிகளாக ஏற்றிவிட்டார்கள். நால்வரில் பிழைத்தது ஒருவர். அந்தப் பூஜ்யங்களில் நான் கை வைக்கப்போவதில்லை.

ஜூன் 11

உச்சபட்சக் கட்டணம் 512.3292, அதாவது 512 பவுண்டு, ஆறு ஷில்லிங், ஏழு பென்ஸ். மூன்று பேருக்கு அதே தொகை. அப்புறம் பார்த்தால் அதில் ஒருவர் பணிப்பெண், இன்னொருவர் பணியாள்! பணிப்பெண் 512 பவுண்டு கொடுத்தாரா? இல்லை. சார்லட் கார்டேசா என்ற பணக்கார அம்மாள், மகன், இரண்டு வேலையாட்கள், நால்வருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அந்த மொத்தத் தொகையை ஒவ்வொருவர் வரியிலும் எழுதிவிட்டார்கள். பயணிகள் பட்டியலை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பயிற்சிக் கோப்பு, கற்றதைச் சரிபார்க்கச் சோதனைக் கோப்பு. வகுப்பில் திறந்தது முதலாவது. அந்த அம்மாள் இரண்டாவதில் இருக்கிறார். நால்வரும் பிழைத்தார்கள்.

‘சராசரி 32 பவுண்டு’ என்று நாங்கள் போன வாரம் சொன்னது தலைக்கு இத்தனை என்பதே அல்ல. ஒரே டிக்கெட் எண்ணில் எத்தனை பேர் என்று எண்ணி, தொகையை அவர்களுக்குள் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 12

வகுக்க உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பில் 69.55 என்று ஒரு பெரிய தொகை. சேஜ் குடும்பம். இங்கிலாந்தின் பீட்டர்பரோவிலிருந்து ஃபுளோரிடாவில் புது வாழ்வு தொடங்கக் கிளம்பியவர்கள். பயிற்சிக் கோப்பில் ஏழு பிள்ளைகள்தான் இருந்தார்கள். அப்பா, அம்மா, மற்ற இரு பிள்ளைகள் ஏடா, வில், ஆக நால்வரும் சோதனைக் கோப்பில். கணினி தாயையும் பிள்ளைகளையும் பிரித்து வைத்திருந்தது.

இரண்டு கோப்புகளையும் சேர்த்து, டிக்கெட் எண்படி வரிசைப்படுத்தினேன். பதினோரு பேர் ஒருவர் கீழ் ஒருவராக வந்தார்கள். தலைக்கு ஆறு பவுண்டு, ஆறு ஷில்லிங், சில்லறை. பத்துப் பேருக்கு வயது காலி. வில்லுக்கு மட்டும் 14.5. பதினோரு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எல்லாப் பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். அப்புறம்தான் கோப்பைச் சேமித்தேன்.