ஆறாவது போனால் பசிக்காதா?

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேன் காலையிலேயே வந்து நின்றுவிடும். அம்மாவும் அப்பாவும் ஏறிப் போனபின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்குக் கிளம்பியது ரொம்ப காலம் நடந்த கதை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் ஊரில் சமைப்பது மகளிர் குழு அக்காக்கள். அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். "இன்னொரு கரண்டி வாங்கிக்க கண்ணு" என்றுதான் பரிமாறுவார்கள். பொங்கலும் சாம்பாரும் என்றால் ஒரு பருக்கை மிஞ்சாது.

ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்குமாக வந்த திட்டம் இது. மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாவது வரை உண்டு, சரி. காலைப் பசிக்கு? வளர்கிற வயசு, பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வேறு. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பெற்றோர்கள் எல்லாரும் வாங்க.