கோப்பின் மேல் ஒரு சொல்

சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. பழைய பள்ளிகளின் கதையைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மறுநாள் பாடக்குறிப்பு எழுதவேண்டிய இரவில்தான் அது தலைதூக்கும். போன வாரம் அப்படித் தேடிப்போய் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் மாட்டிக்கொண்டேன்.

1904-இல் பிரான்சிஸ்கன் கன்னியர்கள் அங்கே புனித கொலெட்டாவின் பெயரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். யாருக்காக என்பதும் பெயரிலேயே இருந்தது: 'பேக்வர்ட் யூத்'. நம் பேச்சில் சொன்னால், மந்தமான பிள்ளைகள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு இந்தப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளி வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் பெற்றோர் பிடித்துக்கொள்ள ஒரு தேசியச் சட்டமும் கிடையாது. அது 1975-இல்தான் வந்தது. எழுபது வருடங்களுக்கு முன்பே இவர்களைச் சேர்த்துக்கொண்ட கன்னியர்களிடம் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. பின்னாளில் அவர்களே அதை மாற்றி, 'எக்செப்ஷனல்', அதாவது தனித்தன்மை உள்ள, குழந்தைகளுக்கான பள்ளி என்றார்கள்.

இந்த இடத்தை வெளியுலகம் அறிந்தது ரோஸ்மேரி கென்னடியால். ஜனாதிபதி கென்னடியின் தங்கை. 1941-இல், 23 வயதில், அப்பாவின் முடிவுப்படி அவளுக்கு லோபோடமி என்ற மூளை அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு சரியாக நடக்கவோ பேசவோ முடியவில்லை. 1949-இல் ஜெஃபர்சனுக்கு அனுப்பப்பட்டாள். 2005-இல் இறக்கும்வரை, ஐம்பது வருடங்களுக்கு மேல், கன்னியர்களின் பராமரிப்பில்தான் இருந்தாள். அக்காவுக்கு இருந்த அறிவுசார் குறைபாட்டை 1962-இல் ஒரு பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியவர் தங்கை யூனிஸ். அப்படிப்பட்டவர்களுக்கான விளையாட்டுப் போட்டியான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸை 1968-இல் சிகாகோவில் தொடங்கியவரும் அவரே. இதெல்லாம் பல இடங்களில் கிடைக்கிறது. இத்தனை வருடம் அவளுக்குத் தலைவாரிவிட்ட கன்னியர் யார் என்றுதான் நான் தேடினேன். கிடைக்கவில்லை.

சரி, ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும். ஜெஃபர்சனில் இருந்தவர்கள் பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வேறு. வாயால் கேட்டால் டக்கென்று பதில் வரும். அதையே எழுதச் சொன்னால் எழுத்துகள் கண்ணாமூச்சி ஆடும். இவர்களுக்கென்று 'லேர்னிங் டிஸெபிலிட்டி', அதாவது கற்றல் குறைபாடு, என்ற பெயர் பரவியது சாமுவேல் கிர்க் என்ற உளவியலாளரால். 1963-இல் சிகாகோவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அவர் அதை முன்வைத்தார். பிள்ளையை முட்டாள், சோம்பேறி என்று கேட்டுக்கேட்டு நொந்துபோன பெற்றோருக்கு அந்தப் பெயரே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அறிக்கையைக் கையில் வாங்கிய அம்மாக்களின் முகத்தில் அந்த ஆறுதலை நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளையின் முகம் வேறு கதை. ஏழு மாதம் எழுத்துக்கூட்டப் பழக்கிய ஒரு பையன், ஒருநாள் என் மேசையில் கிடந்த தன் கோப்பைப் பார்த்தான். விரல் வைத்து, "கற்… றல்… கு… றை… பா… டு" என்றான். யார் உதவியும் இல்லாமல் அவன் முழுதாக வாசித்த முதல் சொற்கள் அவை.

"மிஸ், சரியா படிச்சேனா?"

"சரியாப் படிச்சேப்பா" என்றேன்.

அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளை வெட்டி, கோப்பின் மேல் ஒட்டி, அவன் பெயரை மட்டும் எழுதினேன்.