ட்ரயல் அறைக் குறிப்புகள்: ஜூன் – ஜூலை 2025

9 ஜூன், திங்கள்

ஓ.பி. ஆரம்பிக்கும் முன்பே ஒரு மகன் என்னை நடைபாதையில் மடக்கிவிட்டார். ஆரணிப் பக்கம். "மேடம், அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க. நெஞ்சுல கட்டி, மாத்திரையில கரைஞ்சிடும்னு சொல்லி வெச்சிருக்கோம்."

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் நுரையீரல் புற்றுநோய் ட்ரயல்களில், அதாவது சிகிச்சைகளை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில், கோஆர்டினேட்டர். எந்த மருத்துவமனை, எந்த மருந்து என்று எழுத மாட்டேன், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. நெசவாளி. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் நிழல் தெரிந்திருக்கிறது. சளியில் கிருமி இருக்கிறதா என்று உறுதி செய்யாமலே டி.பி. மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். டி.பி. அதிகமுள்ள நாட்டில் எந்த நிழலும் முதலில் டி.பி.யாகத்தான் தெரியும். நம் ஊரில் இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு இது ஒரு பழைய காரணம். இங்கே பயாப்ஸி எடுத்தபோது நாலாம் நிலை. கட்டியின் செல்களில், வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, எங்கள் ட்ரயலுக்குப் பொருந்துகிறார்.

அவருக்குத் தெரியாமல் ட்ரயலில் சேர்க்க முடியாது என்று மகனிடம் சொன்னேன். ட்ரயலில் சேருகிறவருக்குக் கொடுக்கும் தகவல் தாளின் முதல் பக்கத்திலேயே நோயின் பெயர் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு விதிகளின்படி கையெழுத்து நோயாளியுடையது. படிக்கத் தெரியாதவர் என்றால், ட்ரயலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க, எல்லாவற்றையும் படித்துச் சொன்ன பிறகுதான் கைரேகை. நினைவோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக மகன் கையெழுத்துப் போட முடியாது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "யோசிச்சு சொல்றோம்" என்றார்.

11 ஜூன், புதன்

இன்று மருமகள் வந்தார். பி.காம். படித்தவர், நேராகக் கேட்டார்: "எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதா? எதுக்குக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கணும்?"

எங்கள் ட்ரயலில் ஒரு பிரிவுக்கு அந்த ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை மட்டும், இன்னொரு பிரிவுக்கு மாத்திரையோடு கீமோ. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். டாக்டர், நான், மருந்துக் கம்பெனி யாரும் கை வைக்க முடியாது. இந்தக் கேள்வி வந்தால் நான் எப்போதும் பின்லாந்துக் கதையைச் சொல்வேன்.

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமிருப்பவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை 1980-களில் பலரும் கவனித்திருந்தார்கள். அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கேரட்டில் இருக்கிற சத்துதானே, கெடுதல் செய்யவா போகிறது? பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்துச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறைவு இல்லை, அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரை வைத்து இதே மாதிரி நடந்த இன்னொரு ட்ரயலில் 28 சதவீதம் அதிகம். அதை 1996 ஜனவரியில், முடிய வேண்டிய காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

அந்த டாக்டர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. "எனக்குத் தெரியும், இது நல்லது" என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை பேருக்குக் கெடுதல் என்பது இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ உங்களுக்கும் நிஜமாவே தெரியாது?" என்றார். தெரியாது என்றேன். தெரிந்திருந்தால் இந்த ட்ரயலை நடத்துவதே தப்பு.

13 ஜூன், வெள்ளி

பெரியவரே வந்துவிட்டார். மகன் பின்னால் தலையைக் குனிந்தபடி.

"ஐயா, உங்களுக்கு என்ன உடம்புக்குன்னு தெரியுமா?" என்று டாக்டர் மெதுவாக ஆரம்பித்தார். "வாசல்ல இம்மாம் பெரிய போர்டு தொங்குதே சார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இவன் பாவம், பயந்துக்குவான்னு நான்தான் கேட்கலை."

வீட்டில் எல்லாரும் அவரிடம் மறைக்க, அவர் எல்லாரிடமும் மறைத்திருக்கிறார். இதனால்தான் எனக்கு இந்த மறைப்பு விளையாட்டே பிடிப்பதில்லை. வலிக்கிறது என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நோயாளி நடிக்க வேண்டியிருக்கிறது. மகன்கள் மேல் கோபமில்லை. என் தாத்தாவுக்கு எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்தார்கள்.

தகவல் தாளை ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம். சீட்டுக் குலுக்கும் பகுதி வந்தபோது அவரே நிறுத்தினார். "புதுச் சாயம் ஒண்ணு வந்தா, ஒரே நூல்ல பாதிக்குப் புதுசு, பாதிக்குப் பழசு போட்டு, ரெண்டையும் ஒரே தண்ணியில அலசிப் பார்ப்போம். எது நிக்குதுன்னு. அதானே?" அதேதான் ஐயா. புள்ளியியல் வகுப்பில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

பிறகு அவர் கேட்டதெல்லாம் காரியக் கேள்விகள். எந்தப் பிரிவில் விழுந்தாலும் மாத்திரை உண்டா? உண்டு. நடுவில் ஒத்துக்காமல் போனால் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே. விலகினால் இங்கே வைத்தியம் நிறுத்திவிடுவார்களா? மாட்டார்கள். ட்ரயலால் உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் செலவு? ட்ரயலை நடத்துகிறவர்கள் செலவு, விதியே அப்படி. பஸ் காசு? தருவோம்.

கையெழுத்தை இன்றைக்கே வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரச் சொன்னோம்.

18 ஜூன், புதன்

கையெழுத்து ஆனது. ரத்தம், இசிஜி, எக்கோ, மூளைக்கு எம்.ஆர்.ஐ. நாள் முழுக்கத் தாள்களோடு போராட்டம். கூரியர்காரர் உலர்பனிக்கட்டிப் பெட்டியோடு காத்திருக்க, ரத்தக் குழாய் லேபிளில் ஒரு எண் மங்கலாக இருந்ததால் எல்லாம் மறுபடி.

22 ஜூன், ஞாயிறு

மாடி வீட்டு மாமா வந்தார். முப்பது வருடமாக தினம் ஒரு பாக்கெட். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தாராம், "நெஞ்சு எக்ஸ்ரே கிளியர், எனக்கு ஒண்ணும் வராது" என்று, சிகரெட் பாக்கெட் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்க, சொல்கிறார்.

எக்ஸ்ரேயை நம்பி இந்த நோயைத் தேடுவது பலிக்காது என்பது தீர்ந்துபோன விஷயம். அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பேரை வைத்துச் செய்த ட்ரயலின் முடிவு 2011-ல் வந்தது: வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்தும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. அதே ஆண்டு இன்னொரு ட்ரயல் வெளியானது. 55 முதல் 74 வயது வரை, தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 வருடம் புகைத்த அளவுக்குக் குறையாதவர்கள், 53,454 பேர். பாதிப் பேருக்கு எக்ஸ்ரே, பாதிப் பேருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி., மூன்று முறை. சி.டி. பக்கம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. 2020-ல் வந்த நெதர்லாந்து–பெல்ஜியம் ட்ரயலிலும், ஆண்களில் பத்து வருடத்தில் 24 சதவீதம் குறைவு.

சரி, எல்லாருக்கும் சி.டி. எடுத்துவிடலாமே? அந்த அமெரிக்க ட்ரயலில் நூறு சி.டி.க்கு 24-ல் ஏதோ ஒன்று தெரிந்தது. அப்படித் தெரிந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோயே இல்லை. நம் ஊரில் பழைய டி.பி. தழும்போடு நடமாடுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு தழும்புக்கும் ஊசி குத்திப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு பக்கம், எங்கள் நெசவாளி மாதிரி புகைக்காதவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்கள். தைவானில் பெரும்பாலும் புகைக்காத, ஆனால் குடும்பத்தில் இந்த நோய் இருந்தது போன்ற காரணங்கள் உள்ள 12,011 பேருக்கு சி.டி. எடுத்துப் பார்த்ததில் 2.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 2022-லிருந்து அங்கே அரசே குடும்ப வரலாறு உள்ளவர்களையும் சேர்த்து சி.டி. எடுக்கிறது. ஆனால் அந்தத் தைவான் ஆய்வில் சீட்டுக் குலுக்கவில்லை. கண்டுபிடித்தது உயிரைக் காத்ததா, சும்மா இருந்திருக்கக்கூடிய கட்டியை எடுத்ததா என்பது அதிலிருந்து தெரியாது.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. முதலில் சிகரெட்டை விடுங்கள், அப்புறம் நுரையீரல் டாக்டரைப் பார்த்து சி.டி. பற்றிக் கேளுங்கள், அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள் என்றேன். "நீ ஆஸ்பத்திரியில வேலை பார்த்து ரொம்பப் பயந்துட்டே" என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

27 ஜூன், வெள்ளி

கம்ப்யூட்டர் பதில் சொல்லிவிட்டது: பெரியவருக்கு மாத்திரையோடு கீமோ. திங்கட்கிழமை முதல் சுற்று. மகனுக்குக் கீமோ என்ற சொல்லிலேயே நடுக்கம். "மாத்திரையே நல்லா வேலை செய்யும்ங்கறாங்களே, கீமோ எதுக்கு மேடம்?"

அந்த மாத்திரை யாருக்கு வேலை செய்யும் என்பதே ட்ரயல் சொல்லித்தான் தெரிந்தது. இந்த வகை மாத்திரைகளில் ஒன்றான ஜெஃபிடினிப் 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது சிலருக்கு அதிசயமாகக் கேட்டது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம்தான் காரணம் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2009-ல் அந்த மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்ட ஐபாஸ் ட்ரயல், கிழக்காசிய நாடுகளில் 1,217 பேர். மாற்றம் உள்ளவர்களில் 71 சதவீதம் பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது. இல்லாதவர்களில் 1 சதவீதம். அவர்களுக்குக் கீமோவே மேல். ஒரே மாத்திரை, ஒரே நோய்ப் பெயர்.

கீமோவையும் சேர்த்தால் என்ன என்ற கேள்வியை நம் நாட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் 350 பேரை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்டார்கள். ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் சராசரியாக 8 மாதம், கீமோவும் சேர்த்தவர்களுக்கு 16. பக்கவிளைவும் அதற்கேற்ப அதிகம். புது மாத்திரைகளோடு எப்படி, எந்த ஆளுக்கு அந்தக் கஷ்டம் தகும் என்பதெல்லாம் இன்னும் பார்க்க வேண்டியவை.

4 ஜூலை, வெள்ளி

வேறொரு அம்மா, மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நாளின் பாதிக்கு மேல் படுக்கைதான். ட்ரயலில் சேர்க்க முடியாது, தகுதிப் பட்டியலிலேயே அடிபட்டுவிடுகிறார். "அப்போ எங்கம்மாவுக்கு ஒண்ணுமே கிடையாதா?" என்று மகள் சத்தம் போட்டார். நியாயமான சத்தம். நடமாட்டம் உள்ளவர்களாகப் பார்த்து ட்ரயலில் சேர்க்கிறோம், வெளியே வரும் மருந்தை நடமாட்டம் இல்லாதவர்களுக்கும் கொடுக்கிறோம். இந்தத் துறையில் எனக்குத் தீராத உறுத்தல் இது.

வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினோம். அதைக் கை கழுவி விடுவதாக அந்த மகள் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில், நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட 151 பேரில் பாதிப் பேரை ஆரம்பத்திலிருந்தே இந்தப் பிரிவு டாக்டர்களும் பார்க்கும்படி வைத்தார்கள். 2010-ல் முடிவு: அவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, கடைசி நேரக் கடும் சிகிச்சை குறைவு. வாழ்ந்த காலமோ சராசரியாக 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. இதையும் ட்ரயல் என்றுதான் சொல்ல வேண்டும், இதில் புது மருந்து எதுவும் இல்லையென்றாலும். மகளிடம் நம்பரைச் சொல்லவில்லை. அந்தப் பிரிவு நர்ஸை நேரில் அழைத்து வந்து அறிமுகம் செய்து வைத்தேன்.

21 ஜூலை, திங்கள்

பெரியவருக்கு இரண்டாம் சுற்று. முகத்தில் பரு மாதிரி தடிப்பு, இந்த மாத்திரைக்கு எதிர்பார்த்ததுதான். வீட்டில் எழுதச் சொல்லிக் கொடுத்த அட்டையில் வயிற்றுப்போக்குக் கட்டம் மட்டும் சுத்தமாகக் காலி. மனைவி சும்மா இருக்கவில்லை: "ராத்திரி நாலு தடவை எழுந்து போறாரு, எழுதாதேன்னு என்னை அதட்டுறாரு."

சொன்னால் ட்ரயலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பயமாம். "ஐயா, நாளைக்கு இந்த மருந்தைச் சாப்பிடப் போறவங்களுக்கு என்ன ஆகும்னு நீங்க எழுதினாத்தான் தெரியும்" என்றேன். டாக்டர் வயிற்றுக்கு மாத்திரை எழுதினார். நான் அட்டையை நீட்ட, அவர் ஒவ்வொரு நாளாக யோசித்து நிரப்பினார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து தேதி சொன்னார்.

மூன்றாம் சுற்று ஆகஸ்ட் 11, திங்கள். "ஆடிக் கடைசி ஞாயிறு ஊர்ல கூழ் ஊத்துறாங்க, மறுநாள் காலையில கிளம்ப முடியாதே" என்றார். மூன்று நாள் வரை முன்னே பின்னே போகலாம் என்று எங்கள் விதியில் இருக்கிறது. 13-ஆம் தேதி புதனுக்கு மாற்றிக் கொடுத்தேன். கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்திருப்பதால் கோயில் அண்டாவில் குடிக்க வேண்டாம், வீட்டில் சூடாகக் காய்ச்சியதைக் குடிக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.