400-லேயே நின்ற லேப்டாப்

போன மாதம் என் லேப்டாப் படுத்தே விட்டது. ஒரு வரி தட்டினால் எழுத்துகள் இரண்டு விநாடி கழித்து ஒவ்வொன்றாக வந்து விழும். ஆறு வருடமாக எனக்குச் சோறு போடும் மெஷின், உள்ளே இன்டெல் ஐ5-8250யூ. 'வயசாயிடுச்சு, புதுசு வாங்கு' என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டிருக்கிறேன். பிராசசரின் வேகத்தை விநாடிக்கொரு முறை காட்டும்படி டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) கட்டளை கொடுத்தேன். இந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். வேலை கூடினால் டர்போவில் 3.4 வரை போகும். ஆனால் திரையில் வந்த எட்டு வரியிலும் 400 மெகாஹெர்ட்ஸ்தான், அதாவது 0.4 கிகாஹெர்ட்ஸ். வீடியோ ஒன்றை ஓடவிட்டும் எண் அசையவில்லை.

சரி, வேகத்தை ஏற்றி இறக்கும் அமைப்பான கவர்னரை மாற்றுவோம் என்று பவர்சேவிலிருந்து பெர்ஃபாமன்ஸுக்குக் கொண்டுபோனேன். பலனில்லை. (பிராசசர் வேகத்தை நிர்வகிக்கும் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் பவர்சேவ் இருந்தாலும் வேலை வந்தால் வேகம் ஏறத்தான் செய்யும்.) சூடும் 44 டிகிரிதான், அதனால் சூட்டைக் குறைக்க வேகத்தை இறக்கியிருக்கவும் வழியில்லை.

மேசை மாற்றி உட்காரலாம் என்று சார்ஜரைப் பிடுங்கினேன். டெர்மினல் திறந்தே இருந்தது. 400 இருந்த இடத்தில் 2800, 3100! நம்பாமல் திரும்பச் செருகினேன். மறுபடி 400.

சார்ஜர் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாய்க்குள் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடாப்டர் எத்தனை வாட் என்பதை லேப்டாப்புக்குச் சொல்வது அந்த ஊசிதான். தகவல் வராவிட்டால், பலவீனமான அடாப்டரோ என்று பிராசசரை அடிமட்ட வேகத்தில் கட்டிவைத்துவிடுகிறது. இப்படிக் கட்டிவைக்கச் சொல்லும் சிக்னலுக்குப் பெயர் ப்ராக்ஹாட்; அதை மென்பொருளால் அணைக்கவும் வழி உண்டு. நான் அதைத் தொடவில்லை. அடாப்டர் உண்மையிலேயே தாங்காவிட்டாலும் எச்சரிக்கை அதே வழியில்தான் வரும். இதே மாடலுக்கான 65 வாட் அடாப்டர் வாங்கிச் செருகினேன். வேகம் வந்தது.

அப்புறம் இன்னொரு தலைவலி. எடிட் செய்த கல்யாண வீடியோவை முழு ஃபைலாக உருவாக்க ரெண்டர் போட்டால் 93 டிகிரி, விசிறி அலறியது. அதிகபட்ச வேகத்தை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். ரெண்டர் சில நிமிடம் கூடுதலாகிறது, ஆனால் சூடு 75-ஐத் தாண்டுவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் இந்த வரம்பு போய்விடும். அதனால் லேப்டாப் எழும்போதே அது அமலாகும்படி சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்.